முழங்காலின் கதையைக் கேட்டவர்கள்

சித்திரை பிறந்தால் எங்கடை சங்கங்களிலை கைவிசேசத்துக்கும் பலகாரத்துக்கும் அடுத்த கதை விளையாட்டுத்தான். பனி கரைந்து புல்லுத் தெரியத் தொடங்க, மைதானம் எடுக்கிறது, அணி பிரிக்கிறது, ஜேர்சி அடிக்கிறது என்று பெடியள் ஓடித் திரிவார்கள். உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், பிள்ளைகளின் ஓட்டப்போட்டி என்று கோடை முழுக்கச் சனி ஞாயிறு போய்விடும். கோடை முடியிற நேரம் பார்த்தால் ஒவ்வொரு கழகத்திலும் ஒருவராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருப்பார்.

அந்த முழங்காலைப் பற்றித்தான் இந்தப் புத்தாண்டு மலரில் எழுத நினைத்தேன். நான் வைத்தியன் இல்லை. ஏ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றுபோய், இஞ்சை சுவிசிலை பக்டறியில் சிப்ற் வேலை செய்கிறவன். ஆனால் ஏ.எல்.இல் உயிரியல் படித்த ஆசை இன்னும் விட்டுப்போகவில்லை. நூலகத்திலும் மற்ற இடங்களிலும் தேடித்தேடி வாசித்ததில், முழங்கால் வைத்தியத்தின் வரலாறு எங்களுக்கென்றே எழுதின மாதிரி ஒரு பாடம் சொல்லுது. காயப்பட்டவன் சொல்லுற கதையை வைத்தியர் எப்ப காது குடுத்துக் கேட்டாரோ, அப்பவெல்லாம் வைத்தியம் முன்னேறியிருக்கு. கேட்காமல் விட்ட காலத்தில் கால்கள் வீணாய்ப் போயிருக்கு. பாசை தெரியாத நாட்டில் வாழுற எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

முழங்காலுக்குள் என்ன இருக்கு?

தோள்மூட்டிலும் இடுப்பிலும் உருண்டையான எலும்பு ஒரு குழிக்குள் இருக்கும். முழங்காலில் அப்படியான குழி இல்லை. தொடை எலும்பின் இரண்டு உருண்டை முனைகள், ஏறக்குறையத் தட்டையான கீழ்க்கால் எலும்பின் மேல் நிற்கின்றன. அது வழுக்கி விழாமல் பிடித்து வைத்திருப்பவை நார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. உள்ளுக்குள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு இரண்டு. இந்தக் குறுக்கு நார்களைத்தான் இஞ்சை எல்லாரும் குரொய்ற்ஸ்பான்ட் என்று சொல்கிறார்கள். சிலுவை நார் என்று தமிழில் வைத்துக்கொள்ளுவம். முன்பக்கச் சிலுவை நார், கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு நழுவாமலும் அளவுக்கு மிஞ்சித் திருகாமலும் பிடிக்கிறது. இரண்டு எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு கசியிழையத் தட்டுகள் இருக்கின்றன. மெனிஸ்குஸ் என்பது அதைத்தான். பாரத்தைப் பகிர்ந்து தாங்குவது அதன் வேலை.

சிலுவை நார் அறுவதற்கு மற்றவன் வந்து அடிக்கவேணும் என்றில்லை. கால் பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் போதும். ஓடிவந்து சடாரென்று வெட்டித் திரும்பும்போதும், துள்ளி இறங்கும்போதும் தனியாகவே அறுந்துவிடும். அதனால்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் "ஒருத்தரும் தொடேல்லையே, சும்மா விழுந்து கிடக்கிறான்" என்று சொல்லுவினம்.

பழைய வைத்தியர்கள் கேட்டது

கிரேக்க வைத்தியர் கேலன் இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமன் நகரத்தில் வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். மூட்டை உறுதியாக வைத்திருப்பது இந்த நார்கள் என்று அவரே எழுதிவிட்டார். ஆனால் அறுந்தால் என்ன நடக்கும் என்பதை ஒழுங்காகப் பார்க்க 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1836இல் ஜேர்மனியில் வேபர் சகோதரர்கள், சிலுவை நாரை வெட்டினால் முழங்கால் முன்னும் பின்னும் ஆடுகிறதென்று காட்டினார்கள். 1845இல் பிரான்சின் லியோன் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் அமெதே பொனே மூட்டு நோய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். எலும்பு முறியாத ஒருவருக்கு, முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டு, மூட்டுக்குள் இரத்தம் நிரம்பி, காலைப் பாவிக்க ஏலாமல் போனால், அது நார்க் காயத்தின் அடையாளம் என்று அதில் சொன்னார். மாதக்கணக்கில் காலை அசையாமல் கட்டி வைப்பது கெடுதி என்றும் சொன்னார்.

யோசித்துப் பாருங்கோ. அப்ப எக்ஸ்றே இல்லை, ஸ்கான் இல்லை. அந்த மனிசர் கேட்டதெல்லாம் காயப்பட்டவனின் வாய்ச்சொல். "சத்தம் கேட்டதா? எவ்வளவு கெதியில் வீங்கியது?" இன்றைக்கும் நல்ல வைத்தியர் கேட்கிற முதல் கேள்விகள் இவைதான். 1980இல் அமெரிக்காவில் நொயெஸ் என்பவரின் குழு, அடிபட்டவுடன் இரத்தம் கட்டி வீங்கிய 85 முழங்கால்களைச் சோதித்தது. அவற்றில் நூற்றுக்கு 72 முழங்கால்களில் சிலுவை நார் பழுதாகியிருந்தது. பொனே சொன்னது 135 வருசத்துக்குப் பிறகும் பிழைக்கவில்லை.

1875இல் பாரிஸில் படித்த நூலிஸ் என்ற கிரேக்கர் தன்ரை ஆய்வேட்டில் ஒரு கைச்சோதனையை விவரித்தார். காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மற்றக் கையால் கீழ்க்காலை முன்னுக்கு இழுத்துப் பார்ப்பது. அதை உலகம் ஏறத்தாழ நூறு வருசம் மறந்து போனது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதல் முழங்கால்கள் தொழிலாளிகளின் முழங்கால்கள்

முழங்கால் வைத்தியம் என்றவுடன் கோடிக்கணக்கில் உழைக்கிற விளையாட்டு வீரர்கள்தான் ஞாபகம் வருவார்கள். ஆனால் தொடக்கத்தில் இருந்தவர்கள் எங்களைப் போல உடம்பால் உழைத்தவர்கள். 1883 நவம்பரில் எடின்பரோவில் தோமஸ் அனன்டேல் இடம்பெயர்ந்த மெனிஸ்குசை வெட்டி எறியாமல் திரும்பத் தைத்தது ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு. 1895 நவம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மேயோ ரொப்சன் அறுந்த சிலுவை நார்களை முதன்முதலாகத் தைத்ததும் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கே. மண் சரிந்து விழுந்து முழங்கால் குலைந்த 41 வயதுக்காரர். ஆறு வருசம் கழித்து அவரைக் கேட்டபோது, தன்ரை கால் நல்ல பலமாக இருக்குதென்று சொன்னாராம். ஒரு கால் போனால் குடும்பத்தின் சாப்பாடு போகும் என்பது அந்த மனிசருக்கு விளங்கின அளவுக்கு எங்களுக்கும் விளங்கும்.

அதே 1895 நவம்பரில், ஜேர்மனியில் றொன்ட்கன் எக்ஸ்றே கதிரைக் கண்டுபிடித்தார். உலகமே ஆச்சரியப்பட்டது. உயிரோடு இருக்கிறவனின் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது! எலும்பு முறிவு வைத்தியத்துக்கு அது பெரிய வரம். ஆனால் எக்ஸ்றே எலும்பைக் காட்டுமே தவிர நாரையோ மெனிஸ்குசையோ காட்டாது. சில வேளை நார் இழுத்த இழுவையில் எலும்பின் ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு பெயர்ந்து நிற்கும். அதைப் பிரான்சில் போல் செகொன் 1879இலேயே விவரித்திருந்தார். அது தெரிந்தால் உள்ளுக்குப் பெரிய காயம் என்று ஊகிக்கலாம். தெரியாவிட்டால் காயம் இல்லை என்று அர்த்தமில்லை.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. எங்கடை கழகத்துத் தம்பி ஒருவர், ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறவர், ஒரு சுற்றுப்போட்டியில் திரும்பும்போது விழுந்தார். அவசரப் பிரிவில் எக்ஸ்றே எடுத்து, முறிவு இல்லை, வலிக் குளிசை போட்டு ஓய்வெடு என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு படி இறங்கேக்கை முழங்கால் தன்பாட்டில் நழுவி, கொதிச்சட்டியோடு விழப் பார்த்தார். பிறகு வேறொரு வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வைத்தியர் காலைத் தொட முதல் என்ன நடந்ததென்று கேட்டார். தம்பி தமிழிலை சொன்னார்: "அண்ணை, ஒருத்தனும் முட்டேல்லை. நான் திரும்பேக்கை உள்ளுக்கை விறகு முறிஞ்ச மாதிரி ஒரு சத்தம். வீட்டை போய்ச் சேரமுந்தி முழங்கால் பிலாக்காய் மாதிரி வீங்கிட்டுது. இப்ப நேரை நடந்தால் ஒண்டுமில்லை, திரும்பினால் கால் என்ரை காலே இல்லை."

நான் அதை ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொல்ல, வைத்தியர் தலையை ஆட்டிக்கொண்டே குரொய்ற்ஸ்பான்ட் என்று எழுதினார். கையால் சோதித்தார். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. அதையே காட்டியது. முதல் நாள் அவசரப் பிரிவில் இந்தத் தம்பிக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு ஜேர்மன் சொல்: வலி. அங்கை அவரை அதற்கு மேல் ஒருவரும் கேட்கவும் இல்லை.

வெட்டி எறிந்த காலம்

மெனிஸ்குசின் கதையும் கேளுங்கோ. 1897இல் வந்த தன்ரை நூலின் பதிப்பில் பிளான்ட் சட்டன் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை வைத்தியர், அது ஏதோ பழைய தசையின் பயனில்லாத மிச்சம் என்றார். அனன்டேல் தைத்துக் காட்டி 14 வருசத்துக்குப் பிறகு! பயனில்லாத பொருள் என்றால் வெட்டி எறிய யார் யோசிப்பார்கள்? பல பத்து வருசங்களாக விளையாட்டு வீரர்களின் மெனிஸ்குசை முழுதாக எடுத்தார்கள். கால் கெதியில் சுகமான மாதிரித்தான் தெரிந்தது. 1948இல் ஃபெயார்பாங் என்பவர், அப்படி எடுத்தவர்களின் எக்ஸ்றேக்களைப் பார்த்து, மூட்டு இடைவெளி ஒடுங்கி எலும்பு உருமாறுவதைக் காட்டினார். அதுக்குப் பிறகும் பழக்கம் மாற நெடுங்காலம் எடுத்தது. இன்றைக்கு, ஏலுமானால் தைக்க வேணும், ஏலாவிட்டால் கிழிந்த துண்டை மட்டும் எடுக்கவேணும் என்பதுதான் வழி.

சிலுவை நார் போனவர்களின் விளையாட்டு வாழ்க்கை அந்தக் காலத்தில் முடிந்த கதைதான். 1962 டிசம்பர் 26ஆம் திகதி, சண்டர்லான்ட் அணியின் பிறையன் க்ளஃப், பந்தைத் துரத்திப்போய் எதிரணியின் கோல் காப்பாளரோடு மோதி விழுந்தார். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டவர், வயது 27. எழும்ப முயன்று திரும்ப விழுந்த அவரைப் பார்த்து, நடிக்கிறான் என்று எதிரணிக்காரர் ஒருவர் நடுவரிடம் சொன்னதைத் தான் மறக்கவே இல்லை என்று க்ளஃப் பிறகு சொன்னார். திரும்பி வந்து ஆடியது மூன்றே லீக் ஆட்டம். பிறகு பயிற்றுநராகி, 1979இலும் 1980இலும் நொட்டிங்காம் ஃபொறெஸ்ற் அணிக்கு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று குடுத்தார் என்பது வேறு கதை.

ஆறு வருசம் கழித்து, 1968 நவம்பரில், அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் கேல் சேயர்சின் முழங்கால் நார்கள் அறுந்தன. அன்றைக்கே ஒப்பரேசன். அடுத்த வருசம் திரும்பி வந்து 1,032 யார் ஓடி லீக்கிலேயே முதலாவதாக நின்றார். ஆனால் 1970இல் மற்றக் கால் போக, 1972இல் விளையாட்டை விட்டார்.

கை, கண், பொறுமை

1970களில்தான் மறந்துபோன கைச்சோதனைகள் திரும்ப வந்தன. 1972இல் ரொறன்ரோவில் மக்கின்ரொஷும் கூட்டாளிகளும், திரும்பும்போது கால் நழுவுகிறது என்று வீரர்கள் சொன்னதைக் கட்டிலில் வைத்தே செய்து காட்டும் ஒரு சோதனையை விவரித்தார்கள். 1976இல் பிலடெல்பியாவில் ஜோ ரோர்க், தன்ரை ஆசிரியர் லாக்மனின் பேரில் ஒரு சோதனையை வெளியிட்டார். முழங்காலை 20, 30 பாகை மடக்கி, கீழ்க்காலை முன்னுக்கு இழுப்பது. நார் இருந்தால் கயிறு இறுகின மாதிரி டக்கென்று நிற்கும். அறுந்திருந்தால் நிற்காமல் வரும். ஆம், நூலிஸ் 101 வருசத்துக்கு முந்தி எழுதினதேதான்! இன்றைக்கும் லாக்மன் சோதனை இல்லாமல் முழங்கால் பரிசோதனை இல்லை.

கண்ணால் உள்ளே பார்க்கிற முயற்சியில் எங்கள் சுவிசுக்கும் பங்கு இருக்கு. 1918இல் தோக்கியோவில் தக்காகி, சிறுநீர்ப்பை பார்க்கிற குழாய்க் கருவியால் இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் பார்த்தார். 1921இல் ஆறாவ் மாநில வைத்தியசாலையின் ஓய்கன் பீர்ஹர் வயிற்றுக்குள் பார்க்கிற குழாய்க் கருவியால் நோயாளிகளின் மெனிஸ்குசைப் பார்த்து எழுதினார். ஆறாவ் இரயில் நிலையத்தைக் கடந்து வேலைக்குப் போகிற எங்கடை ஆக்கள் எத்தனை பேர்! தக்காகியின் மாணவர் வத்தனாபே, 1962 மே 4ஆம் திகதி, கூடைப்பந்தாட்டத்தில் முழங்கால் திருகின 17 வயதுப் பெடியனின் கிழிந்த மெனிஸ்குஸ் துண்டைச் சின்ன ஓட்டையூடாகவே எடுத்தார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்குக்குக் கனடா அணியோடு போன றொபேட் ஜாக்சன் அவரிடம் கற்று, ரொறன்ரோவுக்குக் கொண்டு வந்தார். 1984இல் அமெரிக்காவின் ஜோன் பெனொயிற், மரதன் தெரிவுப்போட்டிக்கு 17 நாளுக்கு முந்தி இப்படியான ஒப்பரேசன் செய்து, அதிலும் வென்று, ஒலிம்பிக்கின் முதலாவது பெண்கள் மரதனிலும் தங்கம் எடுத்தார். 1980களில் எம்.ஆர்.ஐ. வந்தபிறகு, வெட்டாமலே நார் கண்ணுக்குத் தெரிந்தது.

சிலுவை நாரை வெறுமனே தைத்தால் பல வேளை பிடிக்காது என்று கண்டு, வேறு இடத்து நாரை எடுத்துப் புதிதாக வைக்கிற முறை வளர்ந்தது. 1917இல் பிரிஸ்டலில் ஹே குறோவ்ஸ் தொடையின் வெளிப்பக்க நார்ப்பட்டியை எடுத்தார். 1963இல் கெனத் ஜோன்ஸ் முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள நாரைப் பாவித்தார். 1970களிலும் 80களிலும் கரி நார், செயற்கைத் துணி என்று எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். பல அறுந்தன, தேய்ந்த துகளால் மூட்டு வீங்கியது. சொந்த உடம்பின் நாருக்கே திரும்பி வந்தார்கள்.

எனக்குப் பிடித்த சம்பவம் 1990இல் வெளியானது. அமெரிக்காவின் இன்டியானபொலிஸ் நகரத்தில் ஷெல்போன் என்ற வைத்தியர், ஒப்பரேசனுக்குப் பிறகு சொல்வழி கேளாமல் முந்தியே நடந்து காலை அசைத்தவர்கள், சொன்னபடி கட்டிக்கொண்டு கிடந்தவர்களை விட நல்லாக இருப்பதைக் கவனித்தார். அவர்களைப் பேசாமல், ஏன் என்று கேட்டார். முறையையே மாற்றினார். பொனே 1845இல் சொன்னதுக்கு உலகம் அப்பதான் வந்து சேர்ந்தது.

2010இல் சுவீடனில் இருந்து இன்னொரு பெரிய செய்தி. சிலுவை நார் அறுந்த 121 இளம் ஆட்களில் ஒரு பகுதிக்கு உடனே ஒப்பரேசனும் பயிற்சியும்; மற்றப் பகுதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஒப்பரேசன். இரண்டு வருசத்துக்குப் பிறகு இரண்டு பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. இரண்டாம் பகுதியின் 59 பேரில் 23 பேர்தான் அதுவரை ஒப்பரேசனுக்குப் போயிருந்தார்கள். ஐந்து வருசத்தில் அது 30 ஆனது. தொழில்முறை வீரர்கள் இதில் இல்லை. ஆகவே ஒப்பரேசன் வேண்டாம் என்று இதுக்கு அர்த்தமில்லை. யாருக்கு வேணும் என்பது அந்த ஆளின் வேலையையும், விளையாட்டையும், கால் நழுவுதா என்பதையும் பொறுத்தது. நான் சொன்ன தம்பி பல மாதம் விடாமல் பயிற்சி செய்து, ஒப்பரேசன் இல்லாமலே சமையலறைக்குத் திரும்பினார். பந்தை விட்டுவிட்டு இப்ப சின்னப் பிள்ளைகளைப் பழக்குகிறார். ஒப்பரேசன் செய்தவர்களும் ஆகக் குறைந்தது ஒன்பது மாதமாவது பொறுக்கவேணும் என்றுதான் இப்ப சொல்கிறார்கள்.

கழகங்களுக்கும் பெற்றோருக்கும்

வருமுன் காக்கவும் வழி இருக்கு. 2006இல் உருவான ஃபீஃபா 11+ என்ற 20 நிமிசப் பயிற்சி, ஓட்டம், சமநிலை, துள்ளி இறங்கும் முறை எல்லாம் அடங்கியது. 2008இல் வெளியான நோர்வே ஆய்வில், அதைச் செய்த இளம் பெண்களுக்குக் கடுமையான காயங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. பெண்பிள்ளைகளுக்குச் சிலுவை நார் அறுகிற ஆபத்து ஆண்பிள்ளைகளை விட இரண்டு மூன்று மடங்கு. எங்கடை பிள்ளைகள் இப்ப நல்லாய் உதைபந்து ஆடுகிறார்கள். பயிற்றுநர்மார் இதைச் சூடேற்றும் பயிற்சியில் சேர்க்கவேணும்.

அடிபட்டால் ஆட்டத்தைத் தொடரவேண்டாம். கால் ஊன்ற ஏலாவிட்டால், முழங்கால் மடக்கின நிலையிலேயே பூட்டிக்கொண்டால், பாதம் குளிர்ந்தோ விறைத்தோ போனால் உடனே வைத்தியசாலை. நோவெண்ணெய் பூசி உருவுகிறதும் இழுக்கிறதும் வேண்டாம்.

வைத்தியரிடம் போக முதல் ஐந்து விசயத்தை ஒரு துண்டில் எழுதுங்கோ, பாசை தெரிந்த பிள்ளையைக் கொண்டென்றாலும்: விழும்போது கால் எப்படி இருந்தது, சத்தம் கேட்டதா, எத்தனை மணித்தியாலத்தில் வீங்கியது, கால் நழுவுதா, பூட்டுதா. மொழிபெயர்ப்பாளர் வேணுமென்றால் வெட்கப்படாமல் கேளுங்கோ. எக்ஸ்றே நல்லமென்றாலும் வீக்கமும் நழுவலும் இருந்தால் திரும்பப் போங்கோ.

இன்னுமொன்று. சுவிசிலை ஒரு முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால், விளையாட்டில் நடந்த விபத்துக்கும் விபத்துக் காப்புறுதி உண்டு. மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 வீதம் கிடைக்கும். வேலை போய்விடும் என்று பயந்து, வீங்கின காலோடு திங்கட்கிழமை மெசினுக்கு முன்னால் நிற்காமல், உடனே வேலையிடத்தில் அறிவியுங்கோ.

சுரங்கத் தொழிலாளி தன்ரை காலின் கதையை வைத்தியருக்குச் சொன்னார், வைத்தியர் கேட்டார். அப்படித்தான் இந்த வைத்தியம் பிறந்தது. எங்கடை கதையையும் வாய் திறந்து முழுதாகச் சொல்லுவம். எல்லாருக்கும் கைகால் சுகத்தோடு கூடிய இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்!